போஸா நடித்த படம்

கிபாலாமா எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க மாட்டான். அதில் அவனுக்கு ஒரு திமிர். ஏரிக்கரையிலுள்ள எங்கள் புசூங்கு மீன்பிடித் துறையில் ஹாஜி ஸீவாவின் வீடியோ கொட்டகையில் பதினேழு வருஷமாக மைக் பிடித்தவன். எந்த நாட்டுப் படமானாலும் சரி, அது ஓட ஓட அதன் பேச்சை எங்கள் பேச்சில் சொல்வதுதான் அவன் வேலை. அந்த வேலைக்காரனை விஜே என்போம். "பாத்துட்டு வந்து பேசறதுக்கு நான் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா? நீங்க பாக்கறப்போதான் நானும் பாக்கணும். உங்க நெஞ்சு திக்குங்கறப்போ என் நெஞ்சும் திக்குங்கணும்" என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு அழகாக விளக்கம் சொல்ல அவனால்தான் முடியும்.

அவன் அப்பா வலை பின்னுபவர். மகனை மீன் பிடிக்க அனுப்பிப் பார்த்தார். இரண்டு முறை படகேறி இரண்டு முறையும் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுத்துத் திரும்பினான். மீன்பிடித் துறையில் பிறந்துவிட்டுப் படகேற முடியாத ஆம்பிளைக்கு என்ன மரியாதை கிடைக்கும்? பெண்பிள்ளைகள்கூடக் கேலி பண்ணினார்கள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டான். சோளம் வேகவைத்து விற்றான். கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தான். ஒருநாள் நகரத்திலிருந்து வரவேண்டிய விஜே வராமல் போக, கூட்டம் பெஞ்சை உடைக்க ஆரம்பித்தது. ஹாஜி மைக்கை இவன் கையில் திணித்து, "எதையாவது பேசித் தொலை, பெஞ்சாவது மிஞ்சட்டும்" என்றார். அன்று பேச ஆரம்பித்தவன், அப்புறம் நிறுத்தவேயில்லை. ஒல்லி ஆள். ஆனால் பொம்பளைக் குரல், கிழவன் குரல், நாய், லாரி எல்லாம் அந்தத் தொண்டையிலிருந்து வரும். தேவாலயத்துப் பாஸ்டர் ஒருத்தர் பிரசங்கம் பண்ண இரண்டு தடவை ஆள் அனுப்பி அழைத்துப் பார்த்தார். போகவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரு முறை உண்டு. படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் கதாநாயகன் யார் என்று விஜே சொல்லிவிட வேண்டும். அவனை நாங்கள் ஸ்டாரிங் என்போம். யார் ஸ்டாரிங் என்று தெரியாமல் எவனுக்காகக் கத்துவது? காட்டினால் மட்டும் போதாது, அவனுக்குத் துறையிலுள்ள ஒருத்தரின் பெயரையும் வைக்க வேண்டும். கெட்டவனுக்கு எதிர்த் தீவுக்காரன் பெயர். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, அவர்கள் கொட்டகையில் எங்கள் பெயர்தான் கெட்டவனுக்கு. ஸ்டாரிங்குக்குப் பெயர் கொடுத்தவனுக்கு அந்த வாரம் முழுக்க ராஜ மரியாதை. மோட்டார் பழுது பார்க்கும் ஸலோங்கோ, இரட்டைப் பிள்ளை பெற்றதால் அந்தப் பட்டம், ஒரு தடவை படத்தில் தன் பெயரில் நாற்பது பேரை அடித்துப் போட்டான். மறுநாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் ஒன்றும் ஓடவில்லை, அது வேறு விஷயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏரியில் காற்று. படகெல்லாம் கரையில் கிடந்தன. மத்தியானமே கொட்டகை நிறையும் என்பது உறுதி. புதுப் படம் வேறு வந்திருந்தது. பழிவாங்கும் கதை, ஆனால் அடிதடிக்காரர்கள் எடுத்ததல்ல, யோசித்து எடுத்தது என்று வட்டு கொண்டுவந்தவன் சொல்லிவிட்டுப் போனான். கிபாலாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, குடலோடு வேகவைத்த வாழைக்காயை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எதிரே வந்து நின்றாள் நன்ஸீரி, போஸாவின் அம்மா.

அவளைப் பார்த்ததும் தட்டை ஒதுக்கி வைத்தான். ஏனென்றால் அவள் மகன் அடக்கத்துக்கு அவன் போகவில்லை. அவன் மட்டுமா? துறையே போகவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு காற்று நாளில் போஸா படகை எடுத்தான். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். சிரித்தான். வலைக்கு இடம் போதவில்லையென்று மூழ்காமல் காக்கும் மிதவைச் சட்டைகள் நாலையும் கரையில் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினான். அவனையும் சேர்த்து நாலு பேர். நாலு பேரும் பிணமாகத்தான் வந்தார்கள். மற்ற மூன்று பேரின் அடக்கத்துக்கும் ஊரே திரண்டது. போஸாவைப் புதைக்க அவன் குலத்து ஆட்கள் ஒன்பது பேர், கூலிக்குக் குழி வெட்டியவர்கள் இரண்டு பேர். எங்களிடத்தில் ஒருத்தன் சாவுக்குப் போகாமல் இருப்பது அவனைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். தெரிந்துதான் செய்தோம். அந்தத் தாய் வேறு, கேட்டவர்களிடமெல்லாம் "காத்து பண்ணின வேலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அதில்தான் ஊருக்கு இன்னும் எரிச்சல்.

"உக்காருங்கம்மா" என்றான் கிபாலாமா.

"உக்கார வரல தம்பி. சனிக்கிழமை அவனுக்கு லும்பே வெச்சிருக்கேன்."

லும்பே என்றால் துக்கத்தை முடித்து வாரிசை உட்கார வைக்கும் நாள். அதற்கும் ஆள் வரவில்லையென்றால், செத்தவன் இந்த ஊரில் பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

"வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. ஒருத்தரும் வரேன்னு வாயைத் திறக்கல." சேலை போன்ற தன் கோமேசி உடுப்பின் இடுப்புத் துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீ இன்னைக்குப் படத்துல அவன் பேரை வையேன். ஸ்டாரிங்குக்கு."

கிபாலாமா தண்ணீர் குடித்தான்.

"உன் கொட்டகையிலதான கெடப்பான் எந்நேரமும்? மொத பெஞ்சுல. நீ சொல்றதுக்கு முன்னாடி அவன் சொல்லிடுவான்னு நீயே திட்டுவியே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த ஊரு அவன் பேரைச் சொல்லிக் கைதட்டட்டும். வாயில வந்துட்டா காலும் வந்துடும்."

"கூட்டம் சண்டைக்கு வரும்மா."

"உன்னால முடியாததா?"

அந்த வார்த்தையில் விழுந்தான். புகழ்ச்சி என்றால் அவனுக்கு அப்படி. கூடவே, போகாத அடக்கத்துக்கு இப்படியாவது ஈடு கட்டலாம் என்ற நினைப்பும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பத்து நிமிஷத்துல கத்த வெக்கிறேன் பாருங்க. நீங்களும் வாங்க."

போனவள் திரும்பி வந்தாள். "அந்த ஆளு நல்லவன்தானே தம்பி? படத்துல?"

"ஸ்டாரிங் என்னைக்காவது கெட்டவனா இருந்து பாத்திருக்கீங்களா?" என்றான். அவன் அந்தப் படத்தை ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்கவில்லை.

மூன்று மணிக்குக் கொட்டகை பிதுங்கியது. ஆண்கள் முன்னால், கதவோரம் பெண்கள் பெஞ்சு. நன்ஸீரி அதன் நுனியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறிடம் போனாள். கதவை ஒட்டி, அலுமினியத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாக்கிட்டோ உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்தப் படகில் புருஷனைப் பறிகொடுத்தவள். புருஷன் பெயர் காயீரா. அதற்குப் பிறகு பொரித்த மரவள்ளி விற்றுப் பிழைக்கிறாள், கூட்டம் இருக்கிற இடத்தில் அவள் இருப்பாள்.

படம் ஆரம்பித்தது. ஒரே மழை. ஒரே இருட்டு. சிவப்பும் நீலமுமாக விளக்கு மினுக்குகிற தெரு.

"இவனுங்க ஊர்ல எவனும் கரண்டு பில்லு கட்ட மாட்டானா?" என்றான் ஸலோங்கோ. சிரிப்பு.

நீளக் கோட்டுப் போட்ட ஒருத்தன் மழையில் நின்றான். வலது புறங்கையில் நீளமாக ஒரு தழும்பு. நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

"குடை வாங்கிக் குடுங்கய்யா அவனுக்கு!"

"பேச்சு வராதா? கிபா, நீயாவது பேசு, நாங்க வீட்டுக்குப் போறதா வேணாமா?"

கிபாலாமா படத்தின் அடியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படித்துவிட்டு மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். "புசூங்கு சனங்களே! நல்லாப் பாத்துக்குங்க. இவன்தான் நம்ம ஸ்டாரிங். ஒரு விடுதி தீப்பிடிச்சதுல இவன் பொண்டாட்டியும் இன்னும் ரெண்டு பேரும் வெந்து செத்தாங்க. எவனோ கதவை வெளிய பூட்டிட்டான். பூட்டினது யாருன்னு தேடி வந்திருக்கான். பேரு, போஸா!"

ஒருத்தன் காறித் துப்பினான்.

"வேற பேரே கெடைக்கலையா உனக்கு?" ஸலோங்கோ எழுந்தே விட்டான். "என் நாயி பேரைச் சொல்லியிருந்தா சந்தோஷமாக் குடுத்திருப்பேனே."

"உன் நாயி உன்னை மாதிரிதான் இருக்கும், எல்லாரையும் பாத்துக் குரைக்கும், எவனையும் கடிக்காது. உக்காரு!"

அதற்குச் சிரித்தார்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று கிபாலாமாவுக்குத் தெரியும். விடாமல் பேசினான். அந்த ஊமைப் பயலுக்குப் பேச்சுக் கொடுத்தான். பசிக்குது என்றான், பொண்டாட்டி வைக்கும் கடலைக் குழம்பு நாக்கிலேயே இருக்கிறது என்றான். கோட்டுக்காரன் ஒரு முடிதிருத்தும் கடையில் முதல் ஆளைப் பிடித்தான். அவன் பின்னால் திரைச்சீலை அசைந்தது. கத்தியோடு இன்னொருத்தன்.

"பின்னாடி! பின்னாடி பாருடா போஸா!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் வந்திருக்க வேண்டும். கோட்டுக்காரன் சடாரென்று திரும்பிக் கத்தியைப் பிடுங்கினான். கொட்டகை குதித்தது. இரண்டாவது ஆளைத் துறைமுகத்தில் அவன் துரத்தியபோது மொத்தக் கூட்டமும் பெஞ்சுமேல் ஏறிவிட்டது. "போஸா! போஸா! விடாத போஸா!" ஸலோங்கோ சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். மனுஷன் வாய்க்கு ஏது வெட்கம்?

கிபாலாமா பேசிக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தான். நன்ஸீரி துணியால் வாயைப் பொத்தியிருந்தாள், கண் மட்டும் சிரித்தது. அவனுக்குக் கர்வம் தாங்கவில்லை. நாக்கிட்டோ மட்டும் கத்தவில்லை. ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை, மரவள்ளி கேட்டவனுக்குப் பதிலும் சொல்லவில்லை.

மூன்றாவது ஆள் ஒரு கிழவன். விடுதியின் பழைய மேலாளர். கோட்டுக்காரன் துப்பாக்கியை நெற்றியில் வைத்தான். கிழவன் அழவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கேமரா நாடாவை எடுத்துப் போட்டுக் காட்டினான். மங்கலான படம். விடுதியின் கதவு. தள்ளாடி வருகிற ஒரு காவல்காரன். சாவியைத் திருப்புகிற ஒரு கை. புறங்கையில் நீளமான தழும்பு.

கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை அந்த வேகத்தில் படிக்க அங்கே கிபாலாமாவை விட்டால் ஆளில்லை. படித்தான். அந்த விடுதிக் காவல்காரனே ஸ்டாரிங்தான், பூட்டியதும் அவன்தான். குடித்துவிட்டுப் பூட்டி, சாவியோடு தூங்கிப்போய், அதை மறந்து, ஊரெல்லாம் கொலைகாரனைத் தேடியிருக்கிறான். அந்தப் படத்தை ஒரு தரம் முன்கூட்டிப் பார்த்திருந்தால்! ஒரே ஒரு தரம்!

"அது... அது இவன் இல்ல!" என்று கத்தினான் மைக்கில். "இவன் கூடப்பொறந்தவன்! ரெட்டைப் பொறவி! அவன்தான் பூட்டிட்டு ஓடிட்டான்!"

"ரெட்டையா?" என்றான் ஸலோங்கோ. "டேய், யாருகிட்ட? நான் ரெட்டை பெத்தவன்டா. ஒருத்தனுக்கு வெட்டுப்பட்டா ரெண்டு பேருக்குமா தழும்பு வரும்?"

"பொய் சொல்றான்!"

"அவனேதான்! போஸாவேதான் பூட்டியிருக்கான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவர்களுக்கே உறைத்தது. சத்தம் ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. யாரும் நன்ஸீரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிபாலாமாவுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. கைதட்டல் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிவந்து, ஊர் நடுவில் உட்காரவைத்து, மகனை இன்னொரு தரம் குற்றவாளியாக்கிவிட்டான். அவன் வாய் அடைத்துப்போனதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். திரையில் கோட்டுக்காரன் முழங்காலிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், அவன் பாஷையில், சொல்வதற்கு ஆளில்லாமல்.

"என்ன சொல்றான்?" நாக்கிட்டோவின் குரல். எழுந்து நின்றிருந்தாள்.

கிபாலாமா மைக்கைக் கீழே வைக்கப் போனான்.

"உன்னத்தான் கேக்குறேன். எல்லாத்துக்கும் பேசுனியே, இப்ப அவன் என்ன சொல்றான்? நீயா கட்டாத. உள்ளதச் சொல்லு."

அவன் நன்ஸீரியைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். சொல்லு.

ஹாஜி வந்து படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். பதினேழு வருஷத்தில் கிபாலாமா எழுத்துக்கு எழுத்து உள்ளபடி சொன்னது அந்த ஒரு முறைதான். தன் சொந்தக் குரலில் சொன்னான்.

"பூட்டினது நான்தான். காத்துல கதவு அடிச்சுக்கிச்சு, தூக்கம் கெட்டுச்சு, அதனால பூட்டினேன். வேற காரணமில்ல. அவங்க உள்ள இருந்தாங்கன்னு தெரியும். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அப்புறம் கடைசிக் காட்சி. செத்தவர்களில் ஒருத்தனின் மனைவி துப்பாக்கியோடு வந்தாள். கோட்டுக்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், ஓடவில்லை. எங்கள் கொட்டகையில் துப்பாக்கியை எவன் எடுத்தாலும் "சுடு! சுடு!" என்று கூரை அதிரும். அன்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஸலோங்கோ சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வெகுநேரம் குறி பார்த்தாள். சுட்டாள். படம் முடிந்தது.

ஹாஜி கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. யாரும் எழவில்லை. எழுந்தது நன்ஸீரி.

"போஸாவைக் கொன்னாச்சு" என்றாள். குரல் உடையவில்லை, அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். "காத்து பண்ணின வேலைன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய். சட்டைகளைக் கரையில போட்டது என் பையன். எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னைக்கு நான் அங்க நின்னேன். 'அம்மா, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, எவனாவது திருடிடுவான்'னான். நாலையும் சொமந்துட்டுப் போனேன். போட்டுக்கடான்னு ஒரு வார்த்தை சொல்லல. திருட்டுப் போயிடுமேன்னுதான் நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில வாழைக்காய் வெந்துட்டிருக்கும். வரவங்க வாங்க."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். கிபாலாமா, மைக் இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று அதை அணைத்தான்.

நாக்கிட்டோ அவள் எதிரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

"அந்தச் சட்டைங்க எங்க இருக்கு?"

"என் கட்டிலுக்கு அடியில."

"நாலும்?"

"நாலும்."

நாக்கிட்டோ தட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஸலோங்கோவும் இன்னும் முப்பது நாற்பது பேரும் நன்ஸீரி வீட்டுக்குப் போகிற பாதையில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போகத் துணிச்சல் இல்லை, திரும்பிப் போகவும் மனசில்லை. கிபாலாமா அவர்களுக்குப் பின்னால் நின்றான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லேன் என்றார்கள். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. அப்போது நாக்கிட்டோ வந்தாள். யாரையும் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனாள்.

நன்ஸீரி ஒரு ஆரஞ்சுநிற மிதவைச் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள். எது யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாக்கிட்டோ வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இது இல்ல. அவரோடதுல வாரு அறுந்திருக்கும், நான்தான் நூல் போட்டுத் தெச்சேன்" என்றாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார்கள். நாக்கிட்டோ தான் தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விரித்திருந்த வாழையிலையின் முன்னால் வாசல் பாயில் உட்கார்ந்தாள். நன்ஸீரி பரிமாறினாள்.

அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை பாதையில் நின்ற ஒருத்தரும் அசையவில்லை. வைத்தாள். மென்றாள். கொஞ்சம் உப்புக் கேட்டாள்.

"நடங்க" என்றான் கிபாலாமா. எல்லோரும் உள்ளே போனோம்.